நின்றுபோன பியட்

— சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருது பேபி? அதை மட்டும் சொல்லு.

— ஒரு சத்தமும் இல்ல. நம்ம வீடு மாதிரி.

— டிக்குன்னு ஒண்ணு கேக்கணுமே.

— கேக்கலைன்னுதானே சொல்றேன். மூணு வருஷம் கழிச்சுப் பொண்டாட்டி போன் பண்றா, நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கிடையாது. நேரா சாவி!

— நல்லா இருக்கியா?

— இருக்கேன். மெட்டுகுடா வீடு நீங்க விட்ட இடத்துலயேதான் இருக்கு. நீங்க?

— லோத்குண்டா ரூமும் அப்படித்தான். சரி, ஹெட்லைட்டைப் போட்டுட்டுத் திருப்பு. மங்குதா?

— இல்லையே. எதிர் சுவரு பளபளங்குது.

— ஹார்ன் அடி.

— இந்தாங்க. ஐயோ ஆண்டவரே, பக்கத்து வீட்டு ஷர்மிளா எட்டிப் பாக்குறா. கேட்டுச்சா?

— ஹவ் ஹவ், கேட்டுச்சு. ஆமா, மூணு வருஷம் நின்ன பியட்டுல பேட்டரி எப்படி இவ்ளோ உசிரா இருக்கு?

— புதுசு போட்டேன்.

— ஓட்டாத வண்டிக்கா?

— இன்னிக்கு ஓட்டிப் பாக்கலாம்னுதான். கோளாறைச் சொல்லுங்க, சர்ச்சுக்கு நேரமாகுது.

— பானெட்டைத் திற. பேட்டரி மேல இருக்கற ரெண்டு கிளிப்பையும் ஆட்டிப் பாரு.

— அசையல.

— பேட்டரியில இருந்து பாடிக்குப் போற கருப்பு வயர்? அந்த நட்டு லூசா?

— கெட்டியா இருக்கு. கை பூரா கிரீஸ், கட்டியிருக்கறது வெள்ளைப் புடவை. பேசாம ஒரு பஸ் ஏறி நீங்களே வந்து பாத்தா என்ன?

— நக்கோ பேபி, வேணாம்.

— ஏன் வேணாம்?

— அன்னிக்கு என்ன சொன்னே? வண்டியைத் தொடைக்கிற நேரத்துல பாதி என்கிட்ட பேசியிருக்கலாம்னே. பதில் சொல்லத் தெரியாமத்தான் பையைத் தூக்கிட்டு வந்தேன். இப்ப வந்தாலும் முதல்ல வண்டியைத்தான் தொடைப்பேன்.

— ஒரு பஸ் தூரத்துல ஒத்தையில உக்காந்து ரசஞ்சோறு திங்கறதுக்கு வீராப்பு வேற. கனடாவுல இருந்து நம்ம பையன் கலேப், டாடிக்கு ஒரு தடவை, மம்மிக்கு ஒரு தடவைன்னு ஒரே கதையை ரெண்டு தடவை சொல்றான்.

— பேபி, ஒண்ணு சொல்லணும். திட்டாதே.

— சொல்லுங்க.

— டிரைவர் சீட்டுக்கு அடியில கையை விடு. வண்டியை எவனும் கிளப்பிட்டுப் போயிடக் கூடாதுன்னு நான் வெச்ச சுவிட்ச் ஒண்ணு இருக்கும். அது ஆஃப்ல இருந்தா ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகாது. கிளம்பின அன்னிக்கு அதை அணைச்சுட்டுத்தான் வந்தேன்.

— எதுக்கு?

— வண்டி கிளம்பலைன்னா எனக்குத்தானே போன் பண்ணுவே? மறுநாளே பண்ணுவேன்னு இருந்தேன். ஒரு மாசம் ஆச்சு, போன்தான் ரிப்பேரோன்னு கடையில குடுத்துப் பாத்தேன். முடியல பேபி. கடைக்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னே வேண்டாத சோப்பெல்லாம் வாங்கி அடுக்கி வெச்சிருக்கேன். சுவிட்ச் கிடைச்சுதா?

— அது நீங்க போன மறுநாளே கிடைச்சுது. மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம நான்தான் ஓட்டிட்டுப் போறேன். இன்னிக்குக் காலையிலதான் அதை அணைச்சுட்டு உங்களுக்குப் போன் போட்டேன்.