பசை காயும்வரை

இந்த இன்ஸ்பெக்டருக்குக் காகிதத்தை மேசை விளிம்புக்கு நேராக வைக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. நல்ல மனிதர். நான் ஸ்டேஷனுக்கு வந்ததும் எனக்குக் காப்பி வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஓசூர் வாசகசாலையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் சேர்ந்தேன். பதினொரு வருடம் ஆகிறது. பழைய பத்திரிகைகளை மாதவாரியாகத் தைத்து அட்டை போட்டு வைக்கும் பின்னறை என் பொறுப்பு. அதன் கோடியில், தெற்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை. மதியம் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். பெங்களூர் பஸ் திரும்பும் சத்தம் கேட்கும். எலி ஓடினால் எந்த அலமாரி என்று சொல்லிவிடுவேன். அண்ணன் வீட்டில் ஏழு பேர். யாராவது 'மேரி, மேரி' என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பலகையில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான் எனக்கு அதில் பிடித்தது.

போன ஆடியில் பெருக்குவதற்கு வெங்கடம்மாள் வந்தாள். கெட்டவள் இல்லை. ஒருநாள் மதியம் போனபோது, ஒரு பத்திரிகைக் கட்டைத் தலைக்கு வைத்து என் பலகையில் படுத்திருந்தாள்.

"இது நான் உக்கார்ற எடம்," என்றேன்.

"ஏன் மேரியக்கா, பஸ்ஸுல துண்டு போட்டாப்புல போட்டு வெச்சிருக்கீங்களா? அந்தாண்ட ஸ்டூல் கெடக்குது பாருங்க, குந்துங்க." சிரித்தாள். "இந்தக் காத்துக்கு மைசூர் மகாராணி கணக்கா தூக்கம் வருது."

செயலாளர் சவரியப்பனிடம் சொன்னேன். "விடும்மா, பாவம். ஒரு பலகைக்குப் போயி..." என்றார். அதன்பின் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தூக்கத்தில் அவள் பல்லைக் கடிப்பாள். அதையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

தை மாதம் பின்னறைக்குப் பூச்சிமருந்து போடுவோம். ஜன்னலுக்கு ஆணி அடித்து, மருந்துத் தட்டுகளை வைத்து, கதவைப் பூட்டி, மருந்தின் விஷ ஆவி வெளியேறாதபடி இடுக்கில் எல்லாம் காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். மைதாவில் மயில்துத்தம் கலந்து நானே பசை காய்ச்சுவேன். மூன்று நாள் வாசகசாலைக்கு விடுமுறை. பூட்டுவதற்கு முன் உள்ளே ஒருமுறை சுற்றிப் பார்ப்பது வழக்கம்.

இந்த வருடமும் பார்த்தேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வெங்கடம்மாள் பலகையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலைக் காலையிலேயே அடைத்திருந்தேன். காற்று இல்லாமலும் தூக்கம் வந்திருக்கிறது. சாயங்காலம் மகளைப் பார்க்கத் தளிக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். மூன்று நாள் யாரும் தேட மாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது. தூங்குகிறவர்களை எழுப்புவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. தட்டுகளை வைத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பூட்டினேன்.

நான்காவது பட்டையை ஒட்டும்போது இருமல் கேட்டது. பிறகு கதவைத் தட்டினாள்.

"மேரியக்கா, கதவு மாட்டிக்கிச்சு. தொறங்கக்கா."

பசை ஈரமாக இருந்தது. அப்போது திறந்தால் பட்டை கிழியும். மறுபடி முதலிலிருந்து காய்ச்ச வேண்டும். கீழ் இடுக்குக்கு மட்டும் இரண்டு பட்டையாக ஒட்டினேன். காய்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் என்னைக் கூப்பிட்டாள். பிறகு மகளை. பசை காய்வதற்கு முன்பே அறை அமைதியாகிவிட்டது.

மூன்றாம் நாள் செயலாளர் முன்னால் திறந்தேன். அவள் கதவை ஒட்டிக் கிடந்தாள். அவர் அழுதார். பலகை காலியாக இருந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர் தான் எழுதியிருந்த தாளை ஒதுக்கிவைத்தார். பிறகு ஒரு புதுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஏதோ அதிர்ச்சியில பேசறீங்கம்மா. உள்ள ஆள் இருந்தது தெரியல, சத்தமும் கேக்கலன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. செக்ரட்டரியும் அதத்தான் சொல்றாரு. கவனக்குறைவோட போயிடும். காது கொஞ்சம் மந்தம்னு வேணா எழுதுங்க."

காகிதத்தை விளிம்புக்கு நேராக வைத்தேன். பேனாவை மூடி அதன்மேல் வைத்தேன்.

"இல்லைங்க, எழுத மாட்டேன்," என்றேன்.

அந்த அறையில் எனக்குக் கேட்காத சத்தம் என்று ஒன்று கிடையாது. கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அந்த அறையை என்னை நம்பி யார் விடுவார்கள்?