முனியாண்டி மார்பில் தோட்டா வார்

"படுங்க! எல்லாரும் படுங்க!"

மூன்று வெடிச்சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. மலாக்காவின் காஜா பெராங் சாலையில் சைக்கிள்கள் சரிந்து கிடக்கின்றன. ஏழு மாதக் கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடுகிறேன். எல்லோரும் வீட்டுக்கு ஓடுகிறோம். என் கணவர் மாணிக்கம் மட்டும் முனியாண்டி கோயிலுக்கு ஓடுகிறார்.

"ஏங்க, அது கெடக்கட்டும். வாங்க!" தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்த மறு வருடம். காட்டில் கம்யூனிஸ்டுகள். ரோட்டில் வெள்ளைக்காரப் பட்டாளம். தோட்டா வைத்திருந்தால் தூக்கு என்றார்கள். எங்கள் முனியாண்டியின் மார்பிலோ குறுக்காக ஒரு தோட்டா வார் தொங்கியது.

ஜப்பான்காரன் தோற்றபோது சாக்கடையில் வீசிவிட்டுப் போனது. சயாம் மரண ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பிய மாணிக்கம், நேர்த்திக்கடனாக அதை எடுத்துக் கழுவினார். வெடித்துப்போன காலித் தோட்டாக்களைப் பொறுக்கிச் செருகினார். முனிக்குச் சுருட்டு வைக்கிறோம், சாராயம் வைக்கிறோம், காவல்காரச் சாமிக்கு இந்தக் காலத்து ஆயுதம் வேண்டாமா என்று கேட்டார். வெள்ளிதோறும் புளி போட்டுத் தேய்ப்பார். பித்தளை பளபளக்கும். பெண்கள் குங்குமம் வைப்போம். எங்களுக்கு அது சாமி நகை. அவ்வளவுதான்.

வாரைக் கழற்ற அவர் போய்ச் சேர்வதற்குள் பட்டாளம் கோயிலில் நிற்கிறது. ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் முனியின் தலையில் அடிக்கிறான். சிமெண்டு உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"சியாப்பா பூன்யா?" யாருடையது என்று மலாயில் கத்தினான். மறுபடி கட்டையை ஓங்கினான்.

"சாயா பூன்யா, துவான். கோசோங்." என்னுடையது துரை, எல்லாம் காலி என்றார் மாணிக்கம். சாமியை அடிக்கவிடக் கூடாது என்று முன்னால் போய் நின்றார்.

காலி என்று அவர்களே உருவிப் பார்த்தார்கள். பார்த்தும் விடவில்லை. தூக்கு இல்லை, அது அவர்கள் காட்டிய கருணை. முதலில் தடுப்பு முகாம். பிறகு நாடுகடத்தி நாகப்பட்டினத்துக்குக் கப்பல். கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்தவருக்கு அங்கே யாரைத் தெரியும்? இறங்கினாரா, வழியிலேயே போய்ச் சேர்ந்தாரா, சொல்ல ஒரு நாதி இல்லை.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்தது. மலாக்காவில் ஊர்வலம். அலங்கார லாரியில் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். மார்பில் தங்கத்தாள் ஒட்டிய அட்டைத் தோட்டா வார். வீரத்தின் அடையாளமாம். ஊரே கைதட்டியது. இவன் அட்டையில் போட்டால் வீரம். வெள்ளைக்காரன் நிஜத்தில் போட்டால் கடமை. எங்கள் சாமி காலியாகப் போட்டது மட்டும் குற்றமா? எவனாவது எனக்குப் பதில் சொல்லட்டும்.

அவசரகாலத்தில் என்ன போனது என்று கணக்கு எழுத வந்து கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரால் செத்தவர் யாருமில்லை. போனது முனியின் தலை. போனது என் கணவர். மகளுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. அப்பா என்று அவள் இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை.