காலித் தோட்டா

ஆதம்: ...அதனால தான் சொல்லுதேன், இன்னைக்கே தொடச்சு வச்சிருவோம். சாரல் எறங்கிட்டா இரும்புல துரு ஏறிரும்.

கௌரிசங்கர்: சாரல் விழுந்து ஒரு வாரம் ஆச்சு ஆதம். ஐந்தருவியில கார் நிறுத்த எடமில்ல. தென்காசியில இருந்து நீயும் தொப்பமா நனஞ்சுட்டு தான் வந்து நிக்க.

ஆதம்: சரி... பிந்திப் போச்சுன்னே வையி. வருசா வருசம் நாம ரெண்டு பேரும் செய்யுதது தானே. இந்த வருசம் எதுக்கு விடணும்?

கௌரிசங்கர்: விடணும்னு நான் சொன்னேனா?

ஆதம்: அப்ப துப்பாக்கிய எடு.

கௌரிசங்கர்: மடியில தான இருக்கு. கண்ணு தெரியலியா?

ஆதம்: தெரியுது... எப்பவும் மடியிலயே தான் வச்சிருக்கியா?

கௌரிசங்கர்: யாரு சொன்னா?

ஆதம்: யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்.

கௌரிசங்கர்: ம்... இந்தா. மெதுவா வாங்கு. எங்க தாத்தா கையில இருந்த ரெட்டக் குழலு. உன் புது ரைபிள் மாதிரி பிளாஸ்டிக் கட்டை இல்ல.

ஆதம்: ஆரம்பிச்சுட்டியா. அந்தப் பிளாஸ்டிக் கட்டை தாம்லே துப்பாக்கி கிளப்புல உன்னய ரெண்டு வருசமா தோக்கடிச்சுது.

கௌரிசங்கர்: ரைபிள் தோக்கடிச்சுது. நீ இல்ல.

ஆதம்: சிரிக்கியே... ஜோதி மதினி போன பொறவு இப்பதான் பாக்கேன், நீ சிரிச்சு.

கௌரிசங்கர்: நீ மொதல்ல துப்பாக்கிய ஒடிச்சுத் தெறந்து பாரு. கையில வாங்குன உடனே, உள்ள தோட்டா இருக்கான்னு பாக்கணும்னு கிளப்புக்கு வாரவன் எல்லார்ட்டயும் கத்துதவன் நீ. இன்னைக்கு மறந்துட்ட.

ஆதம்: பாக்கேன்... பாக்கேன். ...காலியா தான் இருக்கு.

கௌரிசங்கர்: எதுக்கு பெருமூச்சு விடுத?

ஆதம்: படியேறி வந்தேன்லா.

கௌரிசங்கர்: இந்த வீட்டுக்கு ஒரு படி தாம்லே.

ஆதம்: வயசாச்சு... சரி, துணி எங்க? குழலுக்குள்ள விடணும்.

கௌரிசங்கர்: கொடியில வேட்டி கிடக்கு. கிழிச்சுக்கோ.

ஆதம்: இது புதுசுலா!

கௌரிசங்கர்: பழைய வேட்டி எங்க இருக்குன்னு ஜோதிக்குத் தான் தெரியும். கிழி.

ஆதம்: புதுசப் போய் கிழிக்கவா?

கௌரிசங்கர்: கிழிலே. வேட்டி தானே.

ஆதம்: பாரு... மொத துணியே செவப்பா வருது. எடது குழலு மோசம். எவ்வளவு நாளா எண்ண காட்டாம வச்சிருக்க?

கௌரிசங்கர்: அவ ஆஸ்பத்திரியில கிடக்கயில யாருக்குலே துப்பாக்கி ஞாபகம்?

ஆதம்: அதுவும் சரி தான்... மரக் கட்டையும் வறண்டு போச்சு. அந்த எண்ண டப்பாவ இப்படி தள்ளு.

கௌரிசங்கர்: கட்டையத் தொடாத.

ஆதம்: லேசா ஒரு கை தேச்சா...

கௌரிசங்கர்: வேண்டாம்னு சொல்லுதேன்லா. இரும்பு எனக்கு, கட்டை அவளுக்கு. கல்யாணம் ஆன வருசத்துல இருந்து அப்படி தான். போன சாரலுக்கு நீ இருக்க எடத்துல உக்காந்து, ஆளிவிதை எண்ணயத் தொட்டுத் தொட்டு தேச்சா. உனக்கு ஞாபகம் இல்ல?

ஆதம்: இருக்கு. துப்பாக்கிக்கு மாலை போட்டு பூச பண்ண வேண்டியது தான்னு நான் கேலி பண்ணுனேன். அந்த எண்ணக் கையாலயே எனக்கு முறுக்கு எடுத்துத் தந்தா.

கௌரிசங்கர்: தின்னியா?

ஆதம்: தின்னாம? நாக்குல மூணு நாள் கசந்துச்சு.

கௌரிசங்கர்: அவ கடைசியா தேச்சது அது. கட்டையோட கழுத்துப் பக்கம் பாரு, அவ விரல் தடம் மினுக்குது. அதுக்கு மேல யாரும் எண்ண வைக்கக் கூடாது.

ஆதம்: சரி... வைக்கல. பாபநாசத்துல அஸ்தி கரைச்சுட்டு வந்ததுல இருந்து நீ கிளப்புக்கே வரல. எல்லாரும் கேக்காக. உன் ரைபிள் அங்கன பெட்டியில சும்மா கிடக்கு.

கௌரிசங்கர்: கிடக்கட்டும். கை நடுங்குது. குறி நிக்காது.

ஆதம்: நடுங்குனா நடுங்கட்டும். வந்து உக்காந்துட்டாவது போ.

கௌரிசங்கர்: பாபநாசம் போனோம்லா... அன்னைக்கு அஸ்திக் கலயத்த உன் மடியில வச்சதுக்கு என் மச்சினன் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான். கவனிச்சியா?

ஆதம்: கவனிச்சேன். எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. சொந்தக்காரங்க அத்தன பேரு இருக்கயில எங்கிட்ட எதுக்குத் தாரன்னு.

கௌரிசங்கர்: கனமா இருந்துச்சா?

ஆதம்: கனம் இல்ல... கடையம் தாண்டி ரோடு மோசம்லா. குலுங்குத நேரமெல்லாம் உள்ளுக்குள்ள கிலுகிலுன்னு ஒரு சத்தம். எலும்பு தான்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா, மதினி ஏதோ பேசிட்டே வாரது போல இருந்துச்சு எனக்கு.

கௌரிசங்கர்: நீ அப்ப எங்கிட்ட கேக்கலயே.

ஆதம்: எப்படிலே கேப்பேன்? முன்சீட்டுல மரமாட்டம் உக்காந்திருந்த.

கௌரிசங்கர்: ...ஆமா.

ஆதம்: ஏலே, ஒரு டீ போடேன்.

கௌரிசங்கர்: உனக்கு சர்க்கரைன்னு உம் பொண்டாட்டி ஹாஜரா டீயவே நிப்பாட்டிட்டாளே.

ஆதம்: சீனி போடாம குடு. மதினி கையால தான் வாங்கிக் குடிக்கணுமா... நீ போட்டா இறங்காதா?

கௌரிசங்கர்: போறேன். பால் இருக்கான்னு பாக்கணும்.

ஆதம்: மெதுவாவே வா. எனக்கு அவசரம் இல்ல.

கௌரிசங்கர்: ...பால் இல்லலே. கடுங்காப்பி தான். கேக்குதா?

ஆதம்: ...

கௌரிசங்கர்: ஆதம்? என்ன சத்தத்தயே காணோம்?

ஆதம்: ஒண்ணுமில்ல... ஸ்குரூவுல திருப்புளி வழுக்குது.

கௌரிசங்கர்: திருப்புளியா? குழலு தொடைக்க எதுக்குலே திருப்புளி?

ஆதம்: தோட்டாவ அடிக்குத ஊசிப் பக்கம் தூசி அடைஞ்சிருக்கும்லா... அதான், கழத்தி ஒரு பார்வ பாத்துருவோம்னு.

கௌரிசங்கர்: இந்தா காப்பி. எப்படி இருக்கு ஊசி?

ஆதம்: நல்லா இருக்கு.

கௌரிசங்கர்: ரெண்டுமா?

ஆதம்: ரெண்டும். முனை தேயவே இல்ல. ஒரு சொட்டு எண்ண விட்டு திரும்ப மாட்டிட்டேன்.

கௌரிசங்கர்: நல்லதாப் போச்சு... அப்ப இதப் பிடி.

ஆதம்: என்னது?

கௌரிசங்கர்: காலித் தோட்டா. சுட்டு முடிச்ச கூடு. குழலுக்கு ஒண்ணு போட்டு மூடி, விசைய இழுத்து ரெண்டு குதிரையயும் விட்டுப் பாரு.

ஆதம்: அதெல்லாம் வேண்டாம்லே... சரியா தான் இருக்கு.

கௌரிசங்கர்: சும்மா குதிரைய விட்டா ஊசி ஒடிஞ்சிரும்னு, காலித் தோட்டா போட்டு விடச் சொல்லித் தந்ததே நீ தான். குதிரை தட்டுத சத்தத்தக் கேட்டு, கூட்டுக்கு அடியில ஊசி குத்துன தடத்த வெளிச்சத்துல பாத்த பொறவு தான் எந்திரிப்ப. ஒரு வருசம் விட்டதில்ல.

ஆதம்: இன்னைக்கு நேரமாயிட்டு. மழ வேற பிடிக்கப் பாக்குது.

கௌரிசங்கர்: இப்ப தான் அவசரமில்லன்ன.

ஆதம்: இந்தா, நீயே வச்சுக்கோ.

கௌரிசங்கர்: எதுக்குத் திருப்பித் தார? போட்டுப் பாருலே.

ஆதம்: சங்கரு...

கௌரிசங்கர்: எந்த ஊசியப் பாத்து முனை தேயலன்ன?

ஆதம்: ஊசி இல்லலே. ரெண்டு பக்கமும் வெறும் குழி தான் கிடக்கு.

கௌரிசங்கர்: இல்லாதத இருக்குன்னு எதுக்குச் சொன்ன?

ஆதம்: வடிவு போன் பண்ணுனா.

கௌரிசங்கர்: எம் மக உனக்கு எதுக்குப் போன் பண்ணுதா?

ஆதம்: சென்னையில இருந்து அவ வேற யாருக்குப் பண்ணுவா? வீடியோவுல கூப்பிடும்போதெல்லாம் அப்பா துப்பாக்கிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு மாமா, எனக்குப் பயமா இருக்கு, நீங்க போய்ப் பாருங்கன்னு அழுதா. பிள்ள அழுதத என்னால கேட்டுட்டு இருக்க முடியல.

கௌரிசங்கர்: அதுக்கு...

ஆதம்: அதுக்கு என்ன செய்ய? துப்பாக்கிய நான் தூக்கிட்டுப் போக முடியாது. லைசென்சு உம் பேருல இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படச்சிருன்னு சொன்னா, உன் மூஞ்சியில நான் அப்படியொரு எண்ணத்தப் பாத்தேன்னு ஆயிரும். நீ தாங்க மாட்ட. ஊசி ரெண்டும் சட்டப் பைக்குள்ள அடங்கிரும். அது இல்லாட்டா இது வெறும் கட்டை தான். தொடச்ச மாதிரி தொடச்சு, உனக்குத் தெரியாம கழத்திட்டுப் போயிருவோம்னு வந்தேன்.

கௌரிசங்கர்: களவாங்க வந்திருக்க.

ஆதம்: ஆமா. வந்தவனுக்கு எடுக்க ஒண்ணும் இல்ல.

கௌரிசங்கர்: பயந்துட்டியோ?

ஆதம்: பயப்படாம? நீ மட்டும் இருக்க வீட்டுல எவன் கழத்துவான்? நீயே கழத்திருக்கன்னா எதுக்குன்னு... ஒண்ணும் பிடிபடல. ஊசியக் காணோம்னு சொன்னா, உனக்கு அங்கன என்ன சோலின்னு கேப்ப. அதான், இருக்குன்னுட்டேன்.

கௌரிசங்கர்: பொய் சொல்லத் தெரியாதவன் முனை தேயலன்னெல்லாம் சொல்லப்படாது.

ஆதம்: கேலி பண்ணாத. எனக்கு இப்ப உண்மை தெரியணும். ஊசி இல்லாத துப்பாக்கிய எதுக்கு மடியில வச்சிட்டு இருக்க?

கௌரிசங்கர்: அவ விரல் பட்ட கட்டைலா... தடவிட்டே இருந்தா கொஞ்சம் தூக்கம் வருது. இது சுடாதுன்னு ஆன பொறவு தாம்லே இத மடியில வைக்கவே எனக்குத் தைரியம் வந்துச்சு.

ஆதம்: யா அல்லா... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கப்படாதா?

கௌரிசங்கர்: வாய் வரல.

ஆதம்: வடிவு கிட்டயாவது?

கௌரிசங்கர்: தாய எரிச்சுட்டு நிக்க பிள்ளைட்ட அதப் போய் சொல்லவா?

ஆதம்: சரி, விடு... விடு. இனிமே நான் தினமும் வருவேன். நீ திட்டுனாலும் வருவேன். கடுங்காப்பியே குடிச்சுட்டுப் போறேன்.

கௌரிசங்கர்: வா.

ஆதம்: ஊசி ரெண்டும் எங்க? அத எங்கிட்ட குடுத்துரு. நான் வச்சுக்கிடுதேன்.

கௌரிசங்கர்: உங்கிட்ட அன்னைக்கே குடுத்துட்டேன் ஆதம். அவள எரிச்சுட்டு வந்த ராத்திரி, என்னப் பாத்து எனக்கே பயமாப் போச்சு. ரெண்டையும் கழத்தி, காலையில அஸ்தியோட சேத்துப் போட்டுட்டேன். கடையம் ரோடு பூரா உன் மடியில கிலுகிலுன்னு கிடந்துச்சுன்னியே... அது எலும்பு இல்லலே. அந்தக் கலயத்த வேற யார் கையில குடுப்பேன், சொல்லு?