கணவாயிலிருந்து வந்த பத்துக் கடிதங்கள்

தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது, மீர் சாஹிப். இந்தக் கோட்டையின் கீழறைகளில் ஈரம் அதிகம். வெந்நீர் கொடுத்தனுப்பினீர்கள், நன்றி. நடுநடுவே இருமினால் எதையோ மறைக்கிறேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. நேற்று விசாரணையில் பெரும்பாலும் நீங்கள் மரியாதையாகவே கேட்டீர்கள், அதனால் நானும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் ஹுசாம் பேக், சபையில் எல்லோரும் கூப்பிடுவது மிர்சா என்ற பட்டத்தால், பாதுஷாவுக்கு வாசிப்பவன். அவருடைய இரண்டு கண்களிலும் படலம் விழுந்த வருஷம் வேலைக்கு வந்தேன், இருபத்திரண்டு வருஷமாகிறது. நாட்டின் எந்த மூலையிலிருந்து எது எழுதி வந்தாலும் என் வாய்வழியாகத்தான் அவர் காதுக்குப் போகும். அவர் சொல்லும் பதிலை நான் எழுதுவேன். முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பார், நானே பதிப்பேன். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னதே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

சபையில் அவருக்கு அருகே ஏழு பேர் உட்காருவோம். ஏழு விளக்குகள் என்று லாகூர்க் கடைத்தெருவில் எங்களைச் சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். வைத்தியர், வானநூல் தெரிந்தவர், பாட்டுக்காரர், இரண்டு தளபதிகள், தேவிதாஸ், கடைசியாக நான். மற்ற ஆறு பேரிடமும் பாதுஷா யோசனை கேட்பார். என்னிடம் “மேலே வாசி” என்பார். இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. விளக்கு என்றால் பேச வேண்டும் என்று இல்லையே.

தேவிதாஸ் என் நண்பன். அதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது போல, நேற்று அந்தச் சொல்லை நான் சொன்னபோது உங்கள் எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டார். ஸியால்கோட்டில் கல்தச்சர் தெருவில் பிறந்தவன். ஆற்றைத் திருப்புவான், கோட்டைச் சுவரைத் தட்டிப் பார்த்து எங்கே இடியும் என்று சொல்லுவான். ஆனால் பாதுஷா அவனை விரும்பியது அவன் நாக்குக்காக. ஒரு தடவை பாதுஷா கோபத்தில், “உன் தலைய வாங்கிடுவேன்டா” என்றார். “வாங்கிக்கோங்க ஹுஜூர், ஆனா இதுக்குள்ள பாதி கட்டின பாலம் ஒண்ணு இருக்கு, பாத்து எடுங்க” என்றான். பாதுஷாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் வெளியூர் போனால் பாதுஷா காலையில் கேட்கும் முதல் கேள்வி, “தேவி வந்துட்டானா?” நான் இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தபோது அவர் கேட்டது, “கடிதம் ஏதும் சேர்ந்து கிடக்கா?”

போன வசந்தத்தில் அவனைப் பீர் பஞ்சால் மலைக்கு அனுப்பினார். அங்குள்ள கணவாயைக் கடந்து காஷ்மீருக்குப் பல்லக்கு போகிற மாதிரி ஒரு பாதை வேண்டும். பாதுஷாவின் இளைய மகனுக்குக் குங்குமப்பூ வயலைப் பார்க்க ஆசை, பதினாறு வயது. நானூற்று முப்பது கல்தச்சர்களோடு தேவிதாஸ் புறப்பட்டான்.

மழை ஓய்ந்த கையோடு அந்தப் பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனது. பாதுஷா பேச்சை நிறுத்தினார். உணவு இறங்கவில்லை. வைத்தியர் என்னைத் தனியாக அழைத்து, “மிர்சா, இன்னொரு கெட்ட சேதி காதுல விழுந்தா இதயம் தாங்காது. பாத்து வாசிங்க” என்றார். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். பாத்து வாசிங்க என்றார்.

வைத்தியர் அப்படிச் சொன்ன வாரம்தான் மலையிலிருந்து முதல் கடிதம் வந்தது. தேவிதாஸுக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. கல் அடுக்குவதுபோல எழுதுவான். இவ்வளவு தூரம் பாதை வெட்டியாயிற்று, மூன்று பேர் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள், கம்பளியும் மாவும் உடனே வேண்டும். அவ்வளவுதான். பாதை வெட்டியதை வாசித்தேன். விழுந்தவர்களை விட்டேன். கம்பளி கேட்டதையும் விட்டேன், ஏனென்றால் அதைச் சொன்னால் ஏன் குளிர்கிறது, யார் நடுங்குகிறார்கள் என்று அவர் கேட்பார். நானே பண்டகசாலைக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். பாதுஷாவின் வாய்ச்சொல் இல்லாமல் ஒரு கம்பளி நகராது என்றார்கள். என்னால் முடிந்ததைச் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடிதம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அவர் படுக்கையில் அப்படியே சாய்ந்திருந்தார். “இவ்ளோதானா?” என்றார். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். “இன்னும் இருக்கு ஹுஜூர்” என்றேன். வெறும் தாளைப் பார்த்து, சுமை தூக்கும் கோவேறு கழுதை ஒன்றைப் பற்றி வாசித்தேன். அதன் முகம் முல்தானை ஆளும் நம் சுபேதாரைப் போலவே இருப்பதாகவும், தச்சர்கள் தினமும் காலையில் அதற்கு ஸலாம் வைத்துவிட்டுத்தான் உளியை எடுப்பதாகவும். பாதுஷா சிரித்தார். மகன் போய் இருபது நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அன்றைக்குக் கறிச்சாறு குடித்தார். வைத்தியர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது கடிதத்தில் கழுதைக்கு ஸலாம் வைக்க மறந்த ஒருவனை அது உதைத்தது. உண்மைக் கடிதத்தில் பதினோரு பேருக்குக் கால்விரல் கறுத்துப்போயிருந்தது. பாதுஷா அடுத்த கடிதத்துக்கு நாளை எண்ண ஆரம்பித்தார். “இவன் பேசறதவிட நல்லா எழுதறானே மிர்சா” என்றார். ஆமாம் ஹுஜூர் என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

கார்த்திகை பிறக்கும்போது மூன்றாவது வந்தது. மேகம் சரியில்லை, இந்த வருஷம் பனி முந்திக்கொள்ளும், ஆட்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தான். உத்தரவில்லாமல் அரசாங்க வேலையை விட்டு இறங்கினால் தச்சர்களுக்குக் கசையடி. அதற்குப் பயந்து கேட்டிருந்தான், தனக்காக இல்லை. அதில் ஒரு வரிகூட நான் வாசிக்கவில்லை. வேறு வாசித்தேன். பாதுஷா முழுதும் கேட்டார். பிறகு தானாகவே சொன்னார்:

“எழுது மிர்சா. பாதையாவது மண்ணாவது. யாருக்கு இனிமே அந்தப் பாதை? குளிருக்கு முன்னாடி எல்லாரையும் கூட்டிட்டு இறங்கி வந்துடச் சொல்லு. அவன் பக்கத்துல உக்காந்திருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்.”

இந்த இடத்தில்தான் நீங்கள் நேற்று குரலை உயர்த்தினீர்கள். நான் அன்று யோசித்ததைச் சொல்கிறேன். தேவிதாஸ் வருவான். பாதுஷா கழுதையைப் பற்றிக் கேட்பார். எந்தக் கழுதை என்பான் அவன். இரண்டு மாதம் தன்னைத் தேற்றியது பொய் என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிடும். வைத்தியர் சொன்னது என் காதில் இருந்தது. ஒரு பக்கம் நாட்டைத் தாங்கும் உயிர். மறுபக்கம் வேலையாட்கள், அவர்களும் இறப்பார்கள் என்று உறுதியில்லை. மேகத்தைப் பார்த்து ஒருவன் சொல்வதுதானே. பாதை முடியும்வரை ஒருவரும் இறங்க வேண்டாம் என்று எழுதி முத்திரை வைத்தேன். நல்ல கையெழுத்து, நீங்களே பார்த்தீர்கள்.

இரண்டு வாரம் கழித்து தேவிதாஸின் ஆள் ஃபத்து மேஸ்திரி மலையிலிருந்து வந்தான். கடிதத்தை அஞ்சல் ஓட்டக்காரர்களிடம் கொடுக்காமல் தேவிதாஸ் அவனையே இறக்கி அனுப்பியிருந்தான். மத்தியான வேளை, நான் தோட்டத்து மண்டபத்தில் பேனா சீவிக்கொண்டிருந்தேன். காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தான். காதுமடல் ஒன்று இல்லை.

“சாஹிப், பாதுஷா காலுல விழுந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன்” என்றான்.

“அவருக்கு உடம்பு சரியில்ல. எங்கிட்ட சொல்லுப்பா.”

“நான் கெளம்பும்போதே மாவு தீந்து நாலு நாளாச்சு சாஹிப். கழுதைய அடிச்சுத் தின்னுட்டோம். ராத்திரி படுத்தவன் காலைல எந்திரிக்க மாட்டேங்கிறான். இப்ப உத்தரவு குடுத்தீங்கன்னா, வழி மூடறதுக்குள்ள பாதிப் பேரையாவது இறக்கிடலாம்.”

கடிதத்தைப் பிரித்தேன். நாலே வரி. ‘உத்தரவில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். நீ எழுதினாய் என்றால் அவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்லியிருப்பாய், அதற்குமேலும் அவர் வேண்டாம் என்றால் காரணம் இருக்கும். இருந்தாலும் இன்னொரு முறை வாசித்துக் காட்டு, ஹுசாம். மெதுவாக வாசி.’

“எசமான் என்ன சொன்னாருன்னா,” என்றான் ஃபத்து, “வேற யாருகிட்டயும் குடுக்காத, மிர்சா கையில குடு, அவன் வாசிச்சா கல்லுக்கும் தண்ணி வரும்னாரு.”

அவனுக்கு ரொட்டியும் கறியும் கொண்டுவரச் செய்தேன். கறியைத் தொடவில்லை; மேலே இருக்கிறவர்கள் நினைவு வருகிறது என்று ரொட்டியை மட்டும் தண்ணீரில் நனைத்துத் தின்றான். அவன் தின்று முடிப்பதற்குள் உள்ளே போய், முதலில் எழுதியதையே இரண்டாவது உத்தரவாக எழுதிக் கொண்டுவந்தேன். மோதிரம் காலையிலிருந்தே என்னிடம் இருந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

“இறங்கச் சொல்லிட்டாரா சாஹிப்?”

“எல்லாம் இதுல இருக்கு. தேவிதாஸ் கையில மட்டும் குடு.”

அவன் அழுதான். என் பாதத்தைத் தொட்டான். என்னுடைய கம்பளிக் காலுறைகளையும் தோல் செருப்பையும் கொடுத்தேன். என்னைக் கல்மனம் என்று எழுதப்போகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதட்டும். அவனைக் கீழேயே நிறுத்திக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கீழே இருந்தால் யாரிடமாவது பேசுவான். போனான். அவன் மேலே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கணவாய் மூடிவிட்டது என்று அடிவாரத்துச் சாவடியிலிருந்து தகவல் வந்தது. அதையும் நான்தான் வாசிக்க வேண்டும். வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகும் கடிதங்கள் வந்தன. நான்காவதிலிருந்து பத்தாவது வரை, இரவில் நானே எழுதி மடித்தவை. பனி மூடிய மலையிலிருந்து ஆள் எப்படி இறங்கி வருகிறான் என்று சபையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களும் காத்திருந்தார்கள், மீர் சாஹிப். கடிதம் வாசிக்கும் வெள்ளிக்கிழமைகளில் தளபதிகள்கூட முன்னதாகவே வந்து உட்கார்ந்தார்கள். பாதுஷாவுக்கு உடம்பு தேறியது. வானநூல்காரரிடம் சண்டை போடுகிற அளவுக்குத் தேறினார்.

தேவிதாஸின் மனைவி கேசர் தேவியும் வருவாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பாள். மலைக்கு அனுப்பச் சொல்லி நெய்யுருண்டை பிடித்துக்கொண்டு வருவாள், வாங்கி வைப்பேன். ஒரு நாள் போகும்போது நின்று, “அண்ணா, எனக்குன்னு ஏதாச்சும் எழுதியிருக்காரா?” என்றாள்.

எழுதியிருக்கவில்லை, எந்தக் கடிதத்திலும். நான் தாளைப் பிரித்து, உன் வளையல் சத்தம் இல்லாமல் இங்கே விடிவதே தெரியவில்லை என்று வாசித்தேன்.

“பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட இந்த மாதிரி சொன்னதில்ல அண்ணா,” என்றாள். “மலைக்குப் போனவரு வேற யாரோ மாதிரி இருக்கு. திரும்பி வரட்டும், கேட்டுக்கறேன்.” முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த வழக்கில் எனக்கு உண்மையாகவே கஷ்டமாக இருப்பது அந்த ஒரு விஷயம்தான். அவளுக்காக இன்னும் இரண்டு வரி யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் பனி உருகிவிட்டது.

மற்றது உங்களுக்குத் தெரியும். சித்திரையில் மேய்ப்பர்கள் ஏறிப் போனார்கள். கூடாரங்கள் நின்றபடியே இருந்தன என்றும், ஆட்கள் ஒருவரை ஒருவர் அணைத்துப் படுத்திருந்தார்கள் என்றும் சொன்னீர்கள். தேவிதாஸ் அனுப்பிய கடிதங்களின் படிகளும் என் இரண்டு உத்தரவுகளும் அவன் பெட்டியில் வரிசையாக இருந்தனவாம். அவன் எதையும் கிழித்துப்போடுகிறவன் இல்லை. நானூற்றுப் பத்துப் பேர் என்கிறீர்கள். இருக்கும். முன்பே விழுந்தவர்களையும், விரல் கறுத்தும் பட்டினியிலும் முன்பே இறந்தவர்களையும் கழித்தால் சரியாகத்தான் வரும். அவர்களைக் கொன்றது நான். கையெழுத்து வேண்டுமானால் போட்டுக் கொடுக்கிறேன்.

பொறாமையா என்று கேட்டீர்கள். இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். இல்லை. பாதுஷா அவனை விரும்பினார், நான் பாதுஷாவை விரும்பினேன். இதில் பொறாமைக்கு எங்கே இடம்?

பாதுஷா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, அந்தப் பத்துக் கடிதங்களையும் மடியில் வைத்துக்கொண்டு அழுகிறார், அவற்றில் தேவிதாஸ் எழுதியது எது என்று மட்டும் என்னிடம் கேட்டு வரச் சொன்னார் என்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் பேரைச் சொல்லி அவர் கேட்ட முதல் கேள்வி இது. சரியாகச் சொல்லிவிடுங்கள். முதல் கடிதத்தில் பாதை வெட்டிய விவரம் மட்டும் தேவிதாஸுடையது. கழுதை என்னுடையது. வளையல் என்னுடையது. அவர் சிரித்த ஒவ்வொரு வரியும் என்னுடையது.

அந்தக் கடிதங்களை எழுதியவனுக்காகத்தான் அழுகிறார் என்றால், அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், மீர் சாஹிப். அவன் சாகவில்லை. இங்கேதான் இருக்கிறான். கூப்பிட்டால் வந்து வாசிப்பான்.