நீலக் கட்டில்

– இருக்கிறதுலயே மலிவான மரம் எதுவோ அதைக் காட்டுங்க மாஸ்டர். ஒரு கட்டில் வேணும். மேல எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தானே போறீங்க.

– அஃப்ராகொமா, புருஷனைப் புதைச்ச கறுப்புத் துணியோட வந்து கட்டில் கேக்குறே. முதல்ல உட்காரு.

– உட்கார வரலை. மரத்தைச் சொல்லுங்க.

– இலவம் இன்னும் மலிவு, ஆனா ஆணி பிடிக்காது. பெயிண்டுக்கு வாவா மரம் போதும் தங்கச்சி. வெளுத்த மரம், கணு இல்லை, பெயிண்ட் நல்லா ஒட்டும். என்ன, பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும்.

– தெரியுமே. அதைத்தானே என் தலையில கட்டினீங்க, நீங்களும் உங்க சிநேகிதரும்.

– அம்போஃபோவையா சொல்றே?

– வேற யாரை? என்னைக் கட்டிக்கிறப்ப, உனக்கு மகாகனியில கட்டில்னார். வந்தது நீலப் பெயிண்ட் அடிச்ச வாவா. கூடத்து நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் மட்டும் மகாகனி, பாலிஷ் போட்டு மினுமினுன்னு. வர்றவன் போறவன் உட்கார மகாகனி, நான் படுக்க வாவா. கேட்டா சிரிப்பார். கடைசிவரை ஏமாத்திட்டார் மாஸ்டர். நினைச்சா அழக்கூட வரமாட்டேங்குது.

– அந்தக் கூடத்துச் சாமானெல்லாம்?

– காலையில அவர் அக்கா மகனுங்க லாரியில அள்ளிட்டானுங்க. மாமா சொத்து பெத்த பிள்ளைங்களுக்கு இல்லையாம், அக்கா மகனுங்களுக்குத்தானாம், குல வழக்கமாம். சட்டம் இருக்கு, கோர்ட்டுக்குப் போன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு நான் எங்க அலையுறது?

– கட்டிலையுமா?

– அதைப் பார்த்துட்டு, பெயிண்ட் அடிச்ச வாவாதானே, அத்தையே வச்சுக்கட்டும்னான் பெரியவன். சின்னவன் சிரிச்சான்.

– அப்படியா சொன்னான்? நல்லாச் சொன்னான்.

– நீங்களும் சிரிங்க.

– கோவிச்சுக்காதே. இத்தனை வருஷத்துல அந்தக் கட்டிலுக்கு அடியில ஒருநாளாவது மரத்தூள் உதிர்ந்திருக்கா?

– இல்லை.

– வாவான்னா உன் மூத்தவன் நடக்கிறதுக்குள்ள சல்லடையாகியிருக்கும். அது மகாகனி. கூடத்துல போட்டதைவிட உசத்தியான பலகை.

– பொய் சொல்லாதீங்க.

– அறுத்தவன் நான். இழைச்சு முடிச்சதும் நீலம் அடின்னான். எந்தப் பாவியாவது மகாகனி மேல பெயிண்ட் அடிப்பானான்னு கத்தினேன். நான் செத்தா அக்கா பிள்ளைங்க வீட்டையே துடைச்சு எடுத்துட்டுப் போவானுங்க, பெயிண்ட் அடிச்சதை மட்டும் தொடமாட்டானுங்க, அவ படுக்க அதாவது மிஞ்சட்டும்னான்.

– என்கிட்ட ஏன் சொல்லலை?

– உன் வாய் நிக்காது, பெருமை பேசுவே, அக்கா காதுக்குப் போயிடும்னு பயந்தான். லாரி போன பிறகு நீயே சொல்லுன்னான். நாளைக்கு வர்றதா இருந்தேன். போ, போய் அதுல நிம்மதியா படு. இன்னொரு கட்டில் உனக்கு எதுக்கு?

– அவனுங்க வேண்டாம்னு விட்டுட்டுத்தான் போனானுங்க மாஸ்டர். நான்தான் தெருமுனைவரை ஓடி லாரியை நிறுத்தி, அந்த ஆளோட இந்தக் குப்பையும் எனக்கு வேண்டாம்னு கட்டிலையும் ஏத்தி விட்டேன்.