கிறுக்கு ஆப்பிள்

இல்லம்மா, ரொம்பச் சூடு இல்ல, குடிக்கிற பதத்துக்குத்தேன் இருக்கு. மாத்திரையப் போட்டுக்கங்க. அந்த ஸ்டூலு ஆடும், வேணாம். இந்தா, இந்த நாற்காலியில உக்காருங்க. முழங்கால் வலிய வச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். எனக்கும் அதே கததேன்.

ஆம்பளைக எல்லாரும் தோட்டம் பாக்கப் போயிட்டாகளா? போகட்டும். பீட்டரு, பொண்ணோட அப்பா பீட்டர்ராஜ் சாரு, திராட்சைப் பந்தலக் காட்டாம யாரையும் விடமாட்டாரு. ஒரு மணி நேரம் ஆகும். பொண்ணு உள்ள சீல கட்டிக்கிட்டு இருக்கு, அவுக அம்மாவும் அங்கனதேன் நிக்கிறாக. நீங்க ஹால்ல ஒத்தையில உக்காந்து என்ன செய்யப்போறீக. இங்கனயே இருங்க. பொகையும் இல்ல, கேஸ் அடுப்புதேன்.

நானா? சமையலுக்கு வந்த ஆளும்மா. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும். பேரு கெடக்கு விடுங்க, பேரச் சொல்லி என்ன ஆகப்போகுது. மாப்பிள்ள வீட்டுக்காரக வாறாக, நல்லபடியாச் செஞ்சு வைக்கணும்டு சொன்னாக, வந்திருக்கேன். இந்தச் சம்பந்தம் அமைஞ்சா போதும்டு வீடே சாமி கும்புட்டுக் கெடக்கு. எம் மேலதேன் பாரம் முழுக்க. உப்பு கூடிருச்சுன்டா எம் பேருதேன் கெடும்.

கறிக்கொழம்ப எறக்கியாச்சு. எண்ணெய்க் கத்திரிக்காதேன் பாக்கி. எதுக்கு உப்பத் தூவி வச்சிருக்கேன்டு பாக்குறீகளா? நம்ம ஊர்ல கத்திரிக்காய நறுக்குனா தண்ணியில போடுவோம். உப்புப் போட்டு மேல பாரம் வச்சு வடிக்கிறது இத்தாலியில பழகுன பழக்கம். இந்தக் காய்க்கு அது தேவையே இல்ல, மார்க்கையன்கோட்டைக் காயி, பிஞ்சு, கசப்பு கெடையாது. கையி பாட்டுக்குச் செஞ்சுருது. விட மாட்டேங்குது.

ஆமாம்மா. இத்தாலியிலதேன். கன்னியர் மடத்துக் குசினியில. மொதல்ல ஜெர்மனி, அப்பறம் போர்ச்சுக்கல், கடைசியா இத்தாலி. மொத்தம் இருபத்தெட்டு வருஷம். எந்த நாடுன்டு கேக்காதீக, எல்லாம் அடுப்படிதேன். கோபுரத்தப் பாத்தியா, கடலப் பாத்தியான்டு கேப்பாக. வெங்காயம் எம்புட்டு உரிச்சேன்டு கேட்டாச் சொல்லுவேன்.

சமையலுக்கு ஆளு அம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போவாகளான்டா, போவாக. அங்கன மடத்துல இருக்கதெல்லாம் கெழவிகம்மா. எண்பது, தொண்ணூறு. புதுசா பொம்பளைப் பிள்ளைக யாரும் அங்கன சேர்றதில்ல. அவுகளக் குளிப்பாட்ட, தூக்கி உக்கார வைக்க, ஊட்டி விட ஆளு வேணும்ல.

அந்த உப்புக்கு வாறேன். அது ஒரு கிறுக்குத்தனம். இத்தாலிக்காரக கத்திரிக்காய மெலன்ஸானாம்பாக. அப்படின்டா கிறுக்கு ஆப்பிளாம். அந்தக் காலத்துல அதத் தின்னா மூள கலங்கிப் போகும்டு பயந்து, தொடவே மாட்டாகளாம். எங்களோட ஒரு கெழவி, சாகுற வரைக்கும் அதத் தட்டுல ஒதுக்கி ஒதுக்கி வச்சுச்சு. ஆனா பாருங்க, அந்தப் பேரு மொதல்ல அப்படி இல்லவே இல்லையாம். அரபுக்காரக ஏதோ ஒரு பேரு சொல்லி வித்திருக்காக. இவுக வாய்க்கு அது நொழையல. திரிச்சுத் திரிச்சு ஒரு பேராக்கிட்டாக. திரிச்ச பேருக்கு ஒரு அர்த்தமும் கண்டுபிடிச்சுட்டாக, கிறுக்கு ஆப்பிள்ன்டு. அர்த்தம் வந்ததும் பயமும் வந்துருச்சு. காயி பாவம், அது என்ன செஞ்சுச்சு. ஒருத்தருக்கு ஒரு பேர வச்சுட்டா, அப்பறம் அந்தப் பேருக்குத் தக்கனதேன் நடத்துவாக. அதுக்கு உப்புப் போட்டு வடிச்சாலும் போகாது.

ஜெர்மனியில வேற கூத்து. போன புதுசுல எனக்கு ஒரு வார்த்த தெரியாது. பதினெட்டு, பத்தொம்பது வயசு. குசினியில ஒரு சிஸ்டரு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிப் பேரு சொல்லும். கத்திரிக்காயக் காட்டி ஓபெர்ஷீனேன்டுச்சு. பக்கத்துல இருந்த இன்னொண்ணு, இல்ல, அது முட்டைப் பழம்டுச்சு. அங்க மொதல்ல போனது வெள்ளக் கத்திரிக்காயாம், கோழிமுட்டை கணக்கா இருந்திருக்கு. அத வச்சுப் பேரு. ஊதாக் காயக் கையில வச்சுக்கிட்டு முட்டை, முட்டைன்டா எனக்கு என்ன வெளங்கும். நான் போயி ரெண்டு முட்டைய எடுத்துட்டு வந்து நின்னேன். சிரிச்சாக. நானும் சிரிச்சு வச்சேன். அப்பறம் போயி உக்காந்து அழுதேன்.

போர்ச்சுக்கல்லதேன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அங்க கத்திரிக்காய் பெரிஞ்செலா. நம்ம பள்ளிக்கூடத்துல பிரிஞ்சால், பிரிஞ்சால்ன்டு படிச்சோமே, அது இதுதேன். இங்கிலீசு வார்த்தைன்டுல நெனச்சுக்கிட்டு இருந்தோம். இங்கிலாந்துல போயி பிரிஞ்சால் குடுன்டா கடைக்காரன் முழிப்பானாம். அவன் ஊர்லயும் அது ஓபெர்ஷீனுதேன். இத எனக்குச் சொன்னது ஒரு வாத்தியார் சிஸ்டரு. தொண்ணூத்திரண்டு வயசு. நாந்தேன் ஊட்டி விடுவேன். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவுல பாடம் நடத்தும். குசினிங்கிற வார்த்த கூட அவுக ஊருதுதேன்டுச்சு. ஒருநா கத்திரிக்காய மசிச்சுக் குடுக்கையில சொல்லுச்சு, இந்தப் பேரு உங்க நாட்டுலருந்துதேன் கெளம்புச்சுன்டு. வடக்க எங்கனயோ இருந்து பாரசீகத்துக்குப் போயி, அரபுக்காரகட்டப் போயி, அங்கருந்து ஸ்பெயினு, போர்ச்சுக்கல்லு. இன்னொரு ரோட்டுல போனதுதேன் ஜெர்மனிக்காரி சொன்ன ஓபெர்ஷீன். எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைக, ஒண்ணுக்கொண்ணு அடையாளம் தெரியாது. கடைசியில போர்ச்சுக்கல்காரன் கப்பல்ல ஏறி கோவாவுலயும் கொச்சியிலயும் வந்து எறங்கியிருக்கு.

நெனச்சுப் பாருங்க. இங்கருந்து போனது. ஊரு ஊராச் சுத்தி, எவன் எவன் வாயிலயோ பட்டு, உருமாறி, திரும்பிச் சொந்த ஊருக்கே வந்து நிக்கிது. அத நாம வெள்ளக்காரன் வார்த்தைங்கிறோம். எனக்கு அன்னைக்கு என்னமோ செஞ்சுச்சும்மா. கரண்டியப் பிடிச்ச கையி நின்னுபோச்சு. அந்தக் கெழவி வாயத் தொறந்துக்கிட்டு காத்துக்கிட்டு இருக்கு.

வந்த புதுசுல தேனி உழவர் சந்தையில நின்னு கத்திரிக்கா கேக்க வாயத் தொறக்குறேன், மெலன்ஸானான்டு வருது. அந்தப் பொம்பள என்னைய மேலயும் கீழயும் பாத்துச்சு. கேரளாவா நீங்கன்டு கேட்டுச்சு. இந்தா இருக்கு எங்க ஊரு, பஸ்ஸுல ஏறுனா ஒரு மணி நேரம். ஆமா, கேரளாதேன்டு சொல்லிட்டு வந்துட்டேன். வெளக்கம் சொல்லத் தெம்பு இல்ல.

யாரு, பொண்ணோட அத்தையா? ஆமா, இத்தாலியில சிஸ்டரா இருக்காகன்டு உங்ககிட்டச் சொல்லியிருப்பாக. ஹால்ல மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கே, அந்த போட்டோதேன், சின்ன வயசுல எடுத்தது. பாத்திருக்கேனான்டா, பாத்திருக்கேன்மா. நல்லாத் தெரியும். எப்படிப்பட்டவுகன்டா என்னத்தச் சொல்ல. பொறுமசாலின்டு சொல்ல முடியாது. வேலை செய்யும். வாய் கொஞ்சம் நீளம்.

அப்படியா? அதுக்காகவா இந்த எடத்துக்கே வந்தீக? ஒங்க மகன் சேவியருக்கு மூணு எடம் வந்துச்சு, சிஸ்டர் இருக்கிற குடும்பம்டுதேன் இத எடுத்தீகளா? கல்யாணத்துக்கு அவுக லீவு போட்டு வரணும், அவுக கையால தாலிய எடுத்துக் குடுக்கணும்டு ஆசையா?

கொஞ்சம் இருங்க. அடுப்பத் தணிச்சுக்கிறேன்.

இங்க பாருங்கம்மா. நான் சொல்லக்கூடாது. ஆனா நீங்க இம்புட்டு நம்பி வந்திருக்கீக. அந்த சிஸ்டரு இத்தாலியில இல்ல. ரெண்டு வருஷமா இந்த வீட்லதேன் இருக்கு. அவுக அம்மாவுக்கு ஒரு பக்கம் கை காலு விழுந்துபோச்சுன்டு மூணு மாச லீவுல வந்துச்சு. லீவு முடிஞ்சுச்சு, அம்மா கைய விடல. மடத்துலருந்து எழுதுனாக, போன் போட்டாக. போகல. ஏழு மாசம் கெடந்து அம்மா போயிச் சேந்துச்சு. அதுக்கப்பறமும் நான் போகல. யாரு யாரு அம்மாவையோ இருபத்தெட்டு வருஷம் தூக்கிக் குளிப்பாட்டியாச்சு, எங்க அம்மாவுக்கு ஏழு மாசம்தேன் செஞ்சேன். அதுக்கு மேல ஒடம்புலயும் ஒண்ணும் இல்ல, மனசுலயும் ஒண்ணும் இல்ல. முறையா விடுதல கேட்டு எழுதி, ரோமாபுரியிலருந்து பேப்பரு வந்துதேன் சிஸ்டர் உடுப்பக் கழட்டுனேன். ஊரு அதையா சொல்லும்? மடத்த விட்டு ஓடியாந்தவளும்பாக. எவனோ ஒருத்தன் இருக்கான்பாக. அம்பதத் தொடப்போறேன், படியேற முடியல, எனக்கு எவன் இருப்பான்.

ஆமா, நாந்தேன் அது. கிருபாவதி. ரோஸ்லினுக்கு அத்த. முறையாப் பாத்தா நான் உங்கள அம்மான்டு கூப்பிடவே கூடாது.

எந்திரிக்காதீக. கோவம் இருந்தா எம் மேல காட்டிக்கங்க. கல்யாணம் முடிஞ்சு கோயில் வாசல்ல எவளாவது சொல்லித் தெரிஞ்சுச்சுன்டு வைங்க, அப்ப நீங்க அந்தப் பிள்ளையத்தேன் கேப்பீக. அது ஒங்க வீட்ல தனியா நின்னு பதில் சொல்லணும். அதுக்குப் பதிலா என்னைய இப்பவே கேட்டுருங்க. பிள்ளை தங்கம். அது ஒரு பொய்யும் சொல்லல.

எந்தம்பி மேலயும் வருத்தம் வேணாம். அவன் என்னைய அடுப்படியில ஒளிச்சு வச்சுட்டான்டு நெனைக்காதீக. முந்தாநாளு இவுக மூணு பேரும் ஹால்ல மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாக. தரகருகிட்ட நான் இத்தாலியில இருக்கேன்டு சொல்லியாச்சு, நீங்க நேர்ல வந்தா என்ன செய்யன்டு. நாந்தேன் போயிச் சொன்னேன், நான் அடுப்படியில நிக்கிறேன், சமையலுக்குக் கூப்பிட்ட ஆளுன்டு சொல்லிக்கங்கன்டு. பேச்சுக்குத்தேம்மா சொன்னேன். அதெல்லாம் வேணாங்க்கான்டு தம்பி சொல்லுவான்டு பாத்தேன். அவன் தரையப் பாத்துக்கிட்டு இருந்தான். ரோஸ்லின் நிமிந்து என்னையப் பாத்துச்சு. அப்பறம் அதுவும் குனிஞ்சுக்கிருச்சு.

தம்பி பொண்டாட்டி ஜெயமேரி ஒரு தாளும் பேனாவும் எடுத்துட்டு வந்து, என்னென்ன சாமான் வாங்கணும் மதினின்டு கேட்டுச்சு. கறி மூணு கிலோ, நல்லெண்ண ஒரு லிட்டரு, தேங்கா ரெண்டுன்டு ஒவ்வொண்ணாச் சொன்னேன். எழுதிக்கிருச்சு.