வீரர் யாரும் இல்லாத ஆட்டம்

– இதுவும் வேண்டாம்.

– அக்கா, முதல் பக்கத்தையே இன்னும் திருப்பல நீ.

– நடுவுல திறந்து பார்த்துட்டேன். துப்பாக்கிக்கு மட்டும் நாப்பது பக்கம். எது எவ்வளவு தூரம் சுடும், சுட்டா எத்தனை எலும்பு உடையும்... நமக்கு எதுக்குடா?

– அதை விட்டுடலாம். பின்னாடி பாரு, சாதாரண வேலைகள்னு தனியா ஒரு பகுதியே இருக்கு.

– அதையும் பார்த்தேன். அரைப் பக்கம். நர்ஸ், டிரைவர், குமாஸ்தா, அப்புறம் ‘இதர’. நான் அந்த இதரவுல வர்றேன் போல.

– பல் செட் பண்றவளுக்கெல்லாம் யாரு தனியா ரூல்ஸ் எழுதுவாங்க?

– நீ மட்டும் என்ன? பஸ் டிப்போல டயருக்குக் காத்து அடிக்கிறவன். உனக்கு என்ன போட்டிருக்கு தெரியுமா? ‘கைகலப்பு, பிளஸ் ரெண்டு.’

– பரவாயில்லையே! எங்க சூப்பர்வைசர்கிட்ட காட்டணும்.

– சிரிக்காத. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குள்ள எந்த ரூல்ஸ்னு முடிவு பண்ணியாகணும்.

– அதைத்தான் நானும் சொல்றேன். மூணு வாரமா ரூல் புக்கா சுமந்துட்டு வர்றேன். நீ தர்பூசணி வாங்குற மாதிரி தட்டித் தட்டிப் பார்த்துட்டு வேண்டாம்னு வெச்சுடுற.

– அவர் வந்து உக்கார்றப்ப சரியா இருக்கணும்ல.

– ...ம்.

– உன் அத்தான்கிட்ட சொல்லிட்டதானே?

– சொன்னேன்... சொல்லிட்டேன். நீ முதல்ல ஒரு ரூல்ஸ் சிஸ்டத்தை எடு.

– என்ன சொன்னார்?

– அவர் என்னிக்கு என்ன சொல்லியிருக்கார்? ‘ம்’னார். இந்தா, இதைப் பாரு. இது சதவீதக் கணக்கு. கேரக்டரோட ஒவ்வொரு திறமைக்கும் நூத்துக்கு இவ்வளவுன்னு ஒரு நம்பர். டைஸ்ல நூறு வரைக்கும் விழும். அந்த நம்பருக்குக் கீழ விழுந்தா முடிஞ்சது, மேல போனா முடியல.

– உனக்குச் சமையல் எவ்வளவு?

– இருபது.

– ரொம்ப தாராளம். முட்டை பொரி.

– இரு... எழுபத்தொண்ணு.

– கருகிடுச்சு. நிஜத்துலயும் அதான் நடக்கும். நல்ல சிஸ்டம்தான் போல.

– அப்போ எடுத்துக்கலாமா?

– அத்தானுக்குப் ‘பேசுறது’ எவ்வளவு போடுவ?

– பத்து.

– அஞ்சு.

– அஞ்சு அநியாயம்க்கா. அவர் ரிப்பேர் பார்க்குற லிஃப்ட் பாதியில நின்னு போச்சுன்னா உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட எப்படிப் பேசுவார் தெரியுமா? நான் ஒரு நாள் கூடப் போயிருந்தேன். கதவுக்கு வெளிய தரையில உக்காந்துக்கிட்டு, ‘பயப்படாதீங்கம்மா, கீழ விழாது, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல’ன்னு... உள்ள அந்த அம்மா அழுகையை நிறுத்துற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தார்.

– ...எங்கிட்ட சொல்லவே இல்ல.

– எதை?

– அப்படியெல்லாம் பேசுவார்னு. அப்போ நம்பர் போட முடியாதுடா. லிஃப்ட் கதவுக்கு எண்பது, வீட்டுக் கதவுக்கு அஞ்சு. அந்த மாதிரி ஆளுக்கு இந்தப் புக்குல இடம் இல்ல. மூடு.

– மூடியாச்சு. கைவசம் சீட்டுக்கட்டு சிஸ்டம் ஒண்ணு இருக்கு. காலையில ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கணும். அன்னிக்கு நாள் எப்படிப் போகும்னு சீட்டு சொல்லும்.

– ஒண்ணு எடு பார்ப்போம்.

– இஸ்பேட் ராணி. ‘பழைய காதலி ஒருத்தி எதிர்பாராமல் வாசலில் நிற்கிறாள்.’

– வேண்டாம்.

– இன்னொரு சீட்டு எடுக்கலாம்...

– வேண்டாம்னா வேண்டாம். இருக்குற மூணு பேரே போதும், வாசல்ல புதுசா யாரும் நிக்க வேண்டாம்.

– நீ சொல்றது ஆட்டத்துக்கா, வீட்டுக்கா?

– உதை வாங்குவ... எங்க பல் லேப்ல மெழுகு வார்க்கிற பொண்ணு கேட்டா, ஞாயித்துக்கிழமையானா அப்படி என்னதான் விளையாடுவீங்கன்னு.

– என்ன சொன்ன?

– மேஜையைச் சுத்தி உக்காருவோம், ஆளுக்கு ஒரு மனுஷனா மாறிப் பேசுவோம், ஒருத்தர் கதையை நடத்துவார், முடியுமா முடியாதான்னு வந்தா டைஸ் போடுவோம்னேன். ‘யாரு ஜெயிப்பா?’ன்னா. யாரும் இல்லைன்னேன். ‘அப்புறம் எதுக்கு?’ன்னா.

– நல்ல கேள்வி.

– பழையபடி ராட்சசனை வெட்டுற கதைன்னா ஏதாவது சொல்லியிருப்பேன். இதுக்கு என்ன சொல்றது?

– ராட்சசனை மட்டும் அத்தான் என்னிக்காவது வெட்டியிருக்காரா? நீ மந்திரக்காரி, நான் வாள்வீரன். அவர்?

– குதிரைக்காரர்.

– கோட்டை வாசல்ல ராட்சசன் நிக்கிறான். நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன். இவர் மெதுவா... ‘குதிரைக்குத் தண்ணி வெச்சாச்சா?’

– நீ டைஸைத் தூக்கி அவர் மேல எறிஞ்ச!

– நீ சிரிச்சு சிரிச்சுப் புரையேறிக்கிட்ட!

– அவர் சிரிக்கல.

– இல்ல... அவர் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தார். கேட்டுக்கிட்டேதான் இருந்தார்லக்கா. வாளும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், ஒரு தடவை சும்மா மனுஷங்களா ஆடலாமே, ஒருத்தன் வேலைக்குப் போறான், சாயங்காலம் வீட்டுக்கு வர்றான், அவ்வளவுதான்னு.

– ‘அதைத்தான் தினமும் வீட்ல பார்க்குறேனே, ஞாயித்துக்கிழமையுமா?’ன்னேன்.

– எல்லாரும்தான் சிரிச்சோம். விளையாட்டாச் சொன்னது.

– அவர் விளையாட்டாக் கேக்கலையே.

– சரி... கதை யாரு நடத்துறது? நானே நடத்தட்டுமா?

– நீ நடத்தினா மூணாவது காட்சியிலயே டிப்போ தீப்பிடிச்சுடும்.

– சும்மா மனுஷங்க இருக்குற இடத்துல தீப்பிடிக்கக் கூடாதா?

– பிடிச்சா யாராவது அணைக்கணும். அணைச்சா அவன் வீரன் ஆயிடுவான். அப்புறம் அவனுக்கு மாலை போடணும். நான் நடத்துறேன். என் கதையில பைப் ஒழுகும், அவ்வளவுதான்.

– அதுக்கும் அத்தான்தான் வந்து சரி பண்ணணும்.

– வரட்டுமே...

– ...இதைப் பாரு, இது புதுசு. ஆபீஸ், தெரு, வீடு, எல்லாம் இந்தக் காலத்துக் கதை. மோசமா ஒரு நாள் போனா ஆளுக்கு ஒரு கோடு போடணும். கோடு ஏற ஏற மனசு கனக்கும், கையில இருக்குற டைஸ் குறையும்.

– நல்லாருக்கே. கோடு எப்படி இறங்கும்?

– யாராவது பக்கத்துல உக்காந்து என்ன ஆச்சுன்னு கேக்கணும்.

– கேக்கலைன்னா?

– ஏறிக்கிட்டே போகும்.

– பத்து கோடு ஆனா?

– இரு, படிக்கிறேன்... ‘பத்தாவது கோட்டில் அந்தக் கேரக்டர் கதையை விட்டு வெளியேறுகிறார். மற்றவர்கள் தொடர்ந்து ஆடலாம்.’

– தொடர்ந்து ஆடலாமாம்.

– புக்குல அப்படித்தான்...

– சண்டை கூடப் போடலடா அவர் வீட்டை விட்டுப் போன அன்னிக்கு. ஒரு பாத்திரம் உடையல. டூல் பையை எடுத்தார், ரெண்டு சட்டையை எடுத்தார், மார்க்கெட் பக்கம் ஒரு ரூம் பார்த்திருக்கேன்னார். நான் சரின்னேன். பால் வாங்கிட்டு வர்றேன்னு சொன்னா எப்படிச் சரிம்போம், அப்படி ஒரு சரி.

– இதை எடுத்து வெச்சுடறேன்.

– பைக்குள்ள போட்டுடு. கண்ணுல படவே வேண்டாம்.

– இன்னொண்ணு... சொல்லலாமா வேண்டாமான்னு பார்த்தேன். டைஸே கிடையாது. ஒருத்தர் கேள்வி கேக்கணும், இன்னொருத்தர் தன் கேரக்டரா இருந்து பதில் சொல்லணும். படிக்கப் படிக்க நல்லாருக்கு. ஆனா...

– ஆனா?

– ரெண்டு பேர் ஆட்டம்.

– எந்த ரெண்டு பேர்?

– சும்மா, நீயும் நானும்னு வெச்சுக்கோயேன். ஒருவேளை அத்தானுக்கு ஞாயித்துக்கிழமை வேலை கீலை வந்துட்டா...

– மூணு பேருக்குன்னு சொன்னேன்.

– வேலை வந்தா மட்டும்னுதானே சொன்னேன்...

– மூணு பேருக்குடா.

– சரி, கோவிச்சுக்காத.

– கோவம் இல்ல. டீ ஆறிப் போச்சு, சூடு பண்ணட்டுமா?

– வேண்டாம், உக்காரு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இதையும் வேண்டாம்னா நான் சீட்டாடப் போயிடுவேன்.

– இவ்வளவுதானா? ஒரே தாளா?

– ஒரே தாள், ரெண்டே ரூல். சாதாரண மனுஷனால முடியுற எதுக்கும் டைஸ் போடாத, அது தானா நடக்கும். ஏதாவது பறிபோகும்னு இருந்தா மட்டும் போடு.

– தானா நடக்கும்னா?

– பல் தேய்க்கிறது, பஸ் ஏறுறது, கடைக்குப் போறது. இதுக்கெல்லாம் யாராவது டைஸ் போடுவாங்களா?

– வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்கு?

– வேண்டாம். தானா நடக்கும்.

– தானா நடக்குமா? சாயங்காலமானா படிக்கட்டுல அந்த டூல் பை சத்தம் கேக்கும். நான் தலையைக்கூடத் தூக்க மாட்டேன். லேப்ல முடிக்காத பல் செட்டை வீட்டுக்குக் கொண்டு வந்து தேய்ச்சுக்கிட்டு இருப்பேன். தானா நடக்குதுன்னுதான்டா நானும் நெனச்சேன். அவர் ஒவ்வொரு நாளும் கீழ நின்னு டைஸ் போட்டுட்டுத்தான் ஏறி வந்திருக்கார்.

– அப்படியெல்லாம் நெனைக்காத.

– பறிபோகும்னு யாரு சொல்றது? கதை நடத்துறவரா?

– இல்ல, அதுதான் ரெண்டாவது ரூல். மேஜையில இருக்குற யார் வேணா கையைத் தூக்கலாம். ‘இது எனக்குப் பெருசு, டைஸ் போடணும்’னு. மத்தவங்க மறுக்கக் கூடாது.

– கையைத் தூக்கினா போதுமா?

– போதும். காரணம் கூடக் கேக்கக் கூடாது.

– ...காரணம் கேக்கலைன்னா அவருக்குச் சரியா இருக்கும்.

– இருக்கும்.

– இதுதான்டா.

– நிஜமாவா? பார்த்துச் சொல்லு, நாளைக்கு மாத்தக் கூடாது.

– இதேதான். மாத்த மாட்டேன். தாளைக் கொடு, கசக்கிடாத.

– அக்கா.

– ம்.

– நான் ஒண்ணு சொல்லணும்.

– சொல்லு.

– அத்தான் ‘ம்’னு சொல்லல. போன வாரமே... வரமாட்டேன்னுட்டார். ‘என்னால முடியாதுடா, அக்காகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு’ன்னார். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் அந்த ரெண்டு பேர் ஆட்டத்தைத் தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்தேன்.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– வரமாட்டார்னு. நீ முதல் புக்கைத் தூக்கிட்டு வந்தியே, அதுக்கு முந்தின நாள் அவர் ரூமுக்கு நான் போயிருந்தேன்.

– நீ போனியா? தெரிஞ்சுக்கிட்டேவா... அப்புறம் எதுக்குக்கா மூணு வாரமா இது சரியில்ல அது சரியில்லைன்னு என் உயிரை எடுத்த?

– கதவைப் பாதி திறந்துக்கிட்டு நின்னார். சும்மா மனுஷங்களா ஆடப் போறோம், வர்றீங்களான்னேன். இல்லைன்னார். சரின்னுட்டுத் திரும்பிட்டேன்... ‘எந்த ரூல்ஸ்?’னு கேட்டார்டா. இன்னும் முடிவு பண்ணலைன்னேன். கதவைச் சாத்தல. அப்புறம், ‘முடிவு பண்ணிட்டு வந்து சொல்லு’ன்னார். ...வந்து சொல்லுன்னார்டா. போன்ல சொல்லுன்னு சொல்லல.